எந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன், அத்தான்?

கிள்ளான் மாணவர் உலகத்தை முப்பது வருஷம் கண்ணாலேயே நடுங்கவைத்த பிசிக்ஸ் சக்கரவர்த்தியும், என் அக்காவைக் கட்டிய ஒரே பாவத்துக்காக என்னையும் சேர்த்துச் சுமந்தவருமான என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்க வழியில்லை. நான் நலமா என்று நீங்கள் கேட்டால், இல்லை. காலையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் நான் நடந்திருக்கிற நடையை ஒரே கோடாக இழுத்துப் போட்டால் ஜோகூர் பாருவைத் தாண்டியிருக்கும், சிங்கப்பூர்க்காரன் பாஸ்போர்ட் கேட்டிருப்பான். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாளைக்குத் தை அமாவாசை. உங்களுக்கு ஆறாவது திதி. மோரிப் கடற்கரையில் வைத்து அக்கா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கப் போகிறாள். உலகத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

இது பத்திரிகைக்குப் போகிற கடிதம். வருஷா வருஷம் நினைவஞ்சலிப் பக்கத்தில் உங்கள் படத்தைப் போட்டுக் கீழே மூன்று வரி போடுவோம். அதே மூன்று வரிதான் பக்கத்துப் படத்து ஆச்சிக்கும், அதற்குப் பக்கத்துப் படத்து லோரி முதலாளிக்கும். இந்தத் தடவை நேராகப் பத்திரிகை ஆபீசுக்கே போனேன். "எனக்கு மூணு வரி பத்தாது" என்றேன். "எவ்ளோ வேணும் அங்கிள்?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர். "மொத்தப் பேப்பரும். விளையாட்டுப் பக்கத்தை வேணும்னா விட்டுர்றேன்." பேரம் பேசி ஒரு பக்கத்தில் வந்து நின்றோம். ஆகவே, நம்மை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் வாசகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை: இவர் என் அக்கா புருஷன், பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை என் விசில் சத்தத்துக்கு ரப்பர் மரங்களே நிமிர்ந்து நின்றன என்று சொல்வார்கள். சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

முதலில் நல்ல சேதி. உங்கள் மகள் சுபா யூனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். பிசிக்ஸ்தான், வேறென்ன. உங்களைப் போலவே பேசும்போது காற்றில் கோடு போடுகிறாள். ஷா ஆலத்தில் பிரம்மாண்டமாக ஒரு பள்ளிவாசல் எழும்பிக்கொண்டிருக்கிறது, அதன் நீலக் கூரை ஹைவேயிலிருந்தே தெரிகிறது. கிள்ளான் பஸ் மட்டும் மாறவில்லை. நீங்கள் இருந்தபோது எந்த சீட்டில் கம்பி குத்தியதோ அதே சீட்டில் இன்னும் குத்துகிறது.

இனி கெட்ட சேதி. அதற்கும் காரணம் சுபாதான்.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குச் சாயம் அடித்தார்கள். சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றிக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். உங்கள் கல்யாணத்துக்கு வந்த கடிகாரங்களில் மிஞ்சியிருக்கிற இரண்டும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஞாபகம் இருக்கிறதா? ஒரே கடையில், ஒரே மாதிரி, ஒரே வட்டமுகம், ஒரே கறுப்பு முள். கல்யாணத்துக்குக் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் கொடுக்கத் தெரியாத சனம் நம்முடையது. சாவி கொடுக்காமல் இரண்டும் நின்றுபோயிருந்தன. சாயம் அடித்து முடிந்ததும் எது கூடத்துக் கடிகாரம், எது உங்கள் அறைக் கடிகாரம் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சுபா சிரித்தாள்.

"அப்பா ரூம்ல இருந்தது எப்பவும் அரை மணி பின்னாலதானே ஓடும். மாமா, அன்னிக்கு நீங்க எதைப் பாத்து டைம் சொன்னீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து நின்றாள்.

அந்த அரை மணியின் சரித்திரத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். எண்பத்திரண்டாம் வருஷம் பிறந்தபோது அரசாங்கம் நம் கடிகாரங்களையெல்லாம் அரை மணி முன்னால் தள்ளச் சொன்னது. சபா, சரவாக்கோடு நாடு முழுக்க ஒரே நேரம் என்றார்கள். அப்போது நான் வடக்கே போகும் மெயிலில் கார்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே அரசாங்க உத்தரவால் அரை மணி லேட்டான ரயில் உலகத்திலேயே என்னுடையது ஒன்றுதான். ஊரே முள்ளைத் தள்ளியது. என் அத்தான் தள்ளவில்லை. "கூடத்துல வேணும்னா மாத்திக்கோ. என் ரூம்ல கை வைக்காத" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "சூரியனக் கேட்டா மாத்தினாங்க?" என்றார். ஆக ஒரே வீட்டில், ஒரே மாதிரி இரண்டு கடிகாரம், ஒன்று புது நேரம், ஒன்று பழைய நேரம். நடுவில் ஒரு கதவு. அதுவும் எப்போதும் திறந்தே கிடக்கும்.

அந்த மாதமே நீங்கள் போய்விட்டீர்கள்.

தை அமாவாசை அன்று. ஆஸ்பத்திரியிலிருந்து இருதயத்தை ஒட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அக்கா எங்கள் அப்பாவுக்காகக் கோயிலுக்குப் போயிருந்தாள். சுபாவும் அவளோடு. நான் லீவு போட்டு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கை என் கைக்குள் இருந்தது. அது நின்றது. நான் தலையைத் தூக்கி மணி பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது.

யோசித்துப் பாருங்கள், அத்தான். உலகத்தில் வேறு எவனாவது அந்த நேரத்தில் மணி பார்ப்பானா? அலறுவான், தண்ணீர் எடுத்து வருவான், பக்கத்து வீட்டுக்கு ஓடுவான். வாழ்நாளெல்லாம் வண்டி புறப்பட்ட உடனே மணி பார்த்து எழுதியவன் என்ன செய்வான்? கை தானாகக் கொடியைத் தேடாத குறைதான். டாக்டர் அப்புறம் வந்தார், "டைம் என்ன?" என்று என்னைக் கேட்டார், சொன்னேன். குருக்கள் கேட்டார், சொன்னேன். ரயில் கார்டு சொன்ன நேரத்துக்கு அப்பீல் உண்டா? அன்றைக்குப் புது நேரப்படி மத்தியானம் ஒரு மணி வாக்கில் அமாவாசை முடிகிறது. பன்னிரண்டு நாற்பது என்றால் அமாவாசைதான் என்றார் குருக்கள். "தை அமாவாசையில போன புண்ணியவான்" என்று ஊரே சொன்னது. அக்கா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான் பார்த்தது கூடத்துக் கடிகாரமென்றால் சரி. திறந்த கதவு வழியே அது தெரியும். பார்த்தது உங்கள் அறைக் கடிகாரமென்றால் அரை மணி கூட்ட வேண்டும். அப்போது ஒரு மணி தாண்டிவிட்டது. அமாவாசை முடிந்து பிரதமை வந்துவிட்டது. அதாவது ஐந்து வருஷமாக அக்கா உங்களுக்குத் தப்பான நாளில் சோறு வைத்திருக்கிறாள்.

"அப்ப அஞ்சு வருஷமா அவரு பட்டினியாடா?" என்றாள்.

திதி, படையல் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வடையை மட்டும் ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிடுவீர்கள். ஆனால் அக்கா சிரிக்கிற ஆளா? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பத்து நிமிஷம் சாப்பாடு தாமதமானால் நீங்கள் அடுப்படி வாசலில் வந்து நிற்கிற நிற்பை அவள் மறந்திருப்பாளா? பொங்கலிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாய் எடுக்கிறாள், தட்டைத் தள்ளுகிறாள். நேற்று போன் செய்தேன்.

"நாளன்னிக்கு குருக்கள் திதி என்னான்னு கேப்பாரு. நீதான் சொல்லணும்" என்றாள்.

"அக்கா, அது வந்து..."

"ஒனக்குத்தான் தெரியும். நீ மட்டும்தான் இருந்த. எந்தக் கடியாரம்னு சொல்லிட்டா எனக்குப் போதும். பிரதமைன்னா இனிமே பிரதமையில வைக்கிறேன். அஞ்சு வருஷத்துக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"கூடத்துக் கடிகாரம்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்காத. ஊருக்கெல்லாம் புளுகு, எங்கிட்டயும் புளுகு, நான் என்னிக்காச்சும் கேட்டிருக்கேனா? இதுல மட்டும் வேணாம் தம்பி."

போனை வைத்துவிட்டாள். அதிலிருந்துதான் இந்த நடை.

சுபாவும் நேற்று வந்தாள், பங்சாரில் ஏதோ வேலையாக வந்தவள் என்னையும் பார்க்க வந்தாள். தான் பற்றவைத்த நெருப்பு எப்படி எரிகிறது என்று பார்க்க வந்தாள் என்பது என் கட்சி. கையில் ஒரு சஞ்சிகை. "மாமா, அப்பா சொல்லிட்டே இருப்பாரே அந்தச் சோதனை, அதை நெசமாவே செஞ்சிட்டாங்க" என்றாள். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும், லேசரை வைத்து.

அத்தான், நீங்கள் இருந்தபோது அது வெறும் மனக்கணக்கு. யாரோ தாளில் போட்டுப் பார்த்த கற்பனை. அதைத்தான் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில், ரசத்தில் விரலை நனைத்து மேசையில் கோடு போட்டு எனக்கு விளக்கினீர்கள். கடைக்காரர் துணியோடு வந்து நின்று, துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ரயில் வருதுன்னு வெச்சுக்க" என்றீர்கள்.

"எந்த ரயிலு?"

"ஏதோ ஒண்ணு."

"நம்பர் இல்லாத ரயிலு கெடையாது அத்தான்."

"சரிடா, ஒளி. ஒரே ஒரு துளி ஒளி. அதுக்கு மேல பிரிக்க முடியாத துளி. வழியில பாதி வெள்ளி பூசின கண்ணாடி. ஒளி நேராவும் போகலாம், தட்டித் திரும்பியும் போகலாம். ரெண்டு லைன். ரெண்டு லைன் முடிவுலயும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். துளி ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்குத்தான் முழுசா வந்து சேரும். பாதி இங்க பாதி அங்கன்னு வரவே வராது. அப்ப என்ன அர்த்தம்?"

"ஒரு லைன்லதான் வந்திருக்கு."

"நல்லது. இப்ப ரெண்டு லைனும் சந்திக்கிற எடத்துல இன்னொரு பாதிக் கண்ணாடி வைக்கிறேன். தூரமெல்லாம் சரியா வெச்சா, எல்லாத் துளியும் ஒரே ஸ்டேஷனுக்குத்தான் போகும். மத்த ஸ்டேஷன்காரன் ஈ ஓட்டுவான். ஏதாவது ஒரு லைன அடைச்சுப் பாரு, ஈ ஓட்டினவனுக்கும் வண்டி வர ஆரம்பிச்சிடும். அப்ப என்ன அர்த்தம்?"

நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டே யோசித்தேன். "ரெண்டு லைன்லயும் வந்திருக்கு?"

"ம். இனிமேத்தான் வேடிக்கை. ரெண்டாவது கண்ணாடிய வைக்கிறதா வேணாமான்னு, துளி முதல் கண்ணாடியத் தாண்டினதுக்கு அப்புறம் முடிவு பண்றேன்."

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன். இதை நீங்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள், எனக்குத் தெரியும். "வண்டி பாயிண்ட்டத் தாண்டினப்புறம் பாயிண்ட்ட மாத்துறதா? வேலை போயிரும் அத்தான். என்கொயரி வெப்பாங்க" என்றேன். தடம் பிரிகிற இடத்தைத்தான் நாங்கள் பாயிண்ட் என்போம். ரயில் அதில் ஏறிவிட்டால் தலைவிதி எழுதியாகிவிட்டது. ஆனால் உங்கள் ஒளிக்கு அப்படியில்லை. கடைசியில் நீங்கள் கண்ணாடி வைத்தால் இரண்டு வழியிலும் வந்ததுபோல் நடக்கும். வைக்காவிட்டால் ஒரே வழியில் வந்ததாகச் சொல்லும். எப்போது முடிவு செய்தீர்கள் என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

"அதுக்கு நேரம் தெரியாதா?" என்றேன்.

"எங்க இருக்கேன்னு அதுகிட்டக் கேக்கலாம். எவ்ளோ வேகம்னு கேக்கலாம். மணி என்னன்னு மட்டும் கேக்க முடியாது. எங்க கணக்குல நேரம் வெளிய நிக்கும். சுவத்துல தொங்குற கடியாரம் மாதிரி. அது நம்மளோடது, அதோடது இல்ல."

சுபா சொன்னாள், அதையேதான் இப்போது செய்து பார்த்திருக்கிறார்கள். ஒளி கண்ணாடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கண் இமைக்கிற நேரத்தில் கோடியில் ஒரு பங்கில், மின்சார சுவிட்சை வைத்து முடிவை மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் மேசையில் ரசத்தால் போட்டது அப்படியே வந்திருக்கிறது. முதலில் முடிவு செய்தாலும் பிறகு முடிவு செய்தாலும் ஒரே விடை. கேட்டதும் எனக்கு உங்களுக்கு ஒரு தந்தி அடிக்கத் தோன்றியது. எந்த ஆபீசில் வாங்குவார்கள்?

அடுத்த நிமிஷம் என் மூளையில் பேய் புகுந்தது. நான் எழுந்து நின்று, நாடாளுமன்றத்தில் பேசுகிற தோரணையில் சுபாவிடம் சொன்னேன்: "அப்ப முடிஞ்சது விஷயம். நாளன்னிக்கு மோரிப்புல நான் 'கூடத்துக் கடிகாரம்'னு சொல்றேன். நான் சொன்ன அந்த நிமிஷத்துலேர்ந்து ஆறு வருஷத்துக்கு முந்தியே அது கூடத்துக் கடிகாரமா ஆயிடும். ஒங்கப்பன் சாட்சி. ஜெர்மன்காரன் சாட்சி."

"மாமா, அப்படி இல்ல லா" என்றாள்.

"ஏன் இல்ல?"

"பழசை யாரும் மாத்தல. இன்னிக்கு எதை செஞ்சும் நேத்துக்கு ஒரு சேதி அனுப்ப முடியாது. ஒளி ஒரு வழியில வந்துச்சு, இல்ல ரெண்டு வழியில வந்துச்சுன்னு ஒரு கதை ஏற்கனவே எழுதியாச்சுன்னு நாம நெனைக்கிறோம் பாருங்க, அந்த நெனப்புதான் தப்பு. யாரும் எதையும் கேக்காதப்ப அங்க கதையே இல்ல."

"அதத்தானே நானும் சொல்றேன்."

"நீங்க ஒளி இல்ல மாமா. ஒளி போன வழியில தடயமே விடல, அதனால அப்படி. நீங்க தலையத் தூக்கி ஒரு கடியாரத்தப் பாத்தீங்க. அது நடந்துச்சு. தடயம் ஒங்க மண்டைக்குள்ள இருந்துச்சு. நீங்க தொலைச்சிட்டீங்க."

உங்கள் மகள்தான், சந்தேகமில்லை. இரக்கம் என்பதே கிடையாது.

அவள் போனபிறகு மண்டைக்குள் தேடினேன். இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். நடப்பதை நான் அப்படியே சொல்கிறேன், கேளுங்கள். கூடத்துக் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினால், கதவுத் திரை தெரிகிறது, திரைக்கு அந்தப்பக்கம் வட்டமுகம் தெரிகிறது, முள் எட்டில் நிற்கிறது. சத்தியம் செய்யலாம் என்று தோன்றுகிறது. அடுத்து, அறைக் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறேன். உங்கள் தலைமாட்டுச் சுவர் தெரிகிறது, கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து பல்லி வால் தெரிகிறது, முள் எட்டில் நிற்கிறது. இதற்கும் சத்தியம் செய்யலாம் என்று தோன்றுகிறது. எதைக் கேட்டு உள்ளே போகிறேனோ அதைத்தான் என் ஞாபகம் எடுத்து நீட்டுகிறது. கேட்காமல் போனால் வெறும் முகம், வெறும் முள், பன்னிரண்டு நாற்பது. சுவரே இல்லை.

சாட்சி நான் ஒருவன்தான். அந்த ஒரு சாட்சியும் இப்படிப்பட்டவன். நாளைக்கு என்ன சொல்வேன்? கூடம் என்று சொல்லிவிட்டால் அக்கா நாளையே சாப்பிடுவாள். பாதிக்குப் பாதி அது உண்மையாகவும் இருக்கலாம். பாதி உண்மையை முழு உண்மையாக விற்றுத்தானே இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறேன். பிறகு ஏன் நாக்கு வரமாட்டேன் என்கிறது?

குடையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன், ஆனால் நடுவில் அமாவாசை போய்விட்டது. இதை எழுதும்போது மறுநாள்.

நேற்று விடிகாலையிலேயே கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து அக்கா, சுபா, நான் மூவரும் வாடகைக் காரில் மோரிப் போனோம். காரில் நான் மட்டும் பந்திங்கில் ஒரு முதலை லோரியை மறித்த கதையைத் தொடங்கினேன், பாதியில் விட்டுவிட்டேன். முதலையைப் பாதியில் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சுபா திரும்பி என்னைப் பார்த்தாள்.

கடற்கரையில் நல்ல கூட்டம். வரிசையாகப் பாய் விரித்து, வாழையிலை, எள்ளு, பச்சரிசி. குருக்களுக்கு வேகம் என்றால் அப்படி வேகம், எக்ஸ்பிரஸ் வண்டி ஓட்டியிருக்க வேண்டிய மனிதர். அவர் மகன் வெளியூர் போய்விட்டதால் தனியாளாக நிற்கிறார். எங்கள் முறை வந்தது. தர்ப்பையை எடுத்துக்கொண்டே கேட்டார். "பேரு? கோத்திரம் தெரியாட்டி பரவால்ல. போன திதி என்னா?"

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அத்தான், அந்தப் பார்வை எப்படி இருந்தது என்று அலங்காரமாகச் சொல்லத் தெரிந்தும் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்தாள். "கூடம்" என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. தள்ளினால் போதும்.

"தெரியாதுங்க" என்றேன்.

முப்பது வருஷம் பிளாட்பாரத்தில் நின்று, "மணி என்னா கார்டு?" என்று கேட்டவனுக்கெல்லாம் சட்டைப்பையிலிருந்து உலகத்தையே எடுத்துக் கொடுப்பதுபோல் மணி சொன்னவன் நான். அந்த வாயால் சொன்னேன். "மணி பாத்தேன். எந்தக் கடியாரம்னு தெரியல. அமாவாசையா பிரதமையான்னு எனக்குத் தெரியாது."

குருக்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. இலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "தெரியாதவங்களுக்கு அந்த மாசத்து அமாவாசையில கொடுக்கிறதுதான் வழக்கம். உக்காருங்கம்மா. அடுத்தவங்க நிக்கிறாங்க."

அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு நாளில் பத்துப் பேர் சொல்கிற விஷயம். கப்பலோடு போனவர்கள், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள், நாள் தெரியாமல் போனவர்கள் எல்லாருக்கும் அமாவாசை.

அக்கா உட்காரவில்லை. "அப்ப... இவ்வளவு நாளும் அமாவாசையில குடுத்தது?" என்று கேட்டாள்.

"சரியாத்தாம்மா குடுத்திருக்கீங்க. தெரியாட்டி இதான் நாள். தெரிஞ்சு வேற நாள்னாத்தான் மாத்தணும்."

சுபா என் பக்கமாகச் சாய்ந்து, "தடயம் இல்லாதவரைக்கும் கணக்கு நிக்கும் மாமா" என்றாள் மெதுவாக. நான் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து பிண்டத்தைக் கடலில் விட்டோம். சவுக்கு மரத்தடியில் ஒரு பெண் இட்டலி விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே போய் உட்கார்ந்தோம். அக்கா இரண்டு இட்டலி சாப்பிட்டாள். பிறகு என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். எடுத்துப் பாதியில் நிறுத்தினாள்.

"மொதல்லயே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல. போன்ல 'நெனைக்கிறேன், நெனைக்கிறேன்'னு இழுத்த."

"ஒனக்கு பதில் சொல்லணும்னு..."

"எனக்குக் கடியாரமா முக்கியம்? அன்னிக்கு நான் கோயில்ல நிக்கிறேன். வந்து பாத்தா கண்ண மூடி, தாடையக் கட்டி, எல்லாம் ஆயிடுச்சு. ஒன்ன என்னான்னு கேக்குறது? மணி என்னான்னு எல்லாரும் கேட்டாங்க, நீயும் சொன்ன, நானும் அதையே புடிச்சுக்கிட்டேன்." கையிலிருந்த இட்டலியைத் தட்டில் வைத்தாள். "அவரு மொகம் எப்பிடிடா இருந்துச்சு?"

ஆறு வருஷமாக என் அக்கா கேட்க நினைத்தது இதைத்தானா, அத்தான்? நான் ஏன் ஒரு தடவைகூட நானாகச் சொல்லவில்லை? மணியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவனுக்கு இது எங்கே ஞாபகம் வந்தது?

அதற்கு நான் கண்ணை மூடித் தேட வேண்டியிருக்கவில்லை. சொன்னேன். நான் உங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். தஞ்சோங் மாலிம் பக்கம் தண்டவாளத்தில் புலி படுத்திருந்ததாகவும் நான் கொடியைக் காட்டி அதை இறக்கிவிட்டதாகவும். நீங்கள் இடது புருவத்தை மட்டும் தூக்கினீர்கள், நான் புளுகும்போதெல்லாம் தூக்குவது போல. உதடு கொஞ்சம் விரிந்தது. "நம்பிட்டேன்" என்று சொல்ல வந்தீர்கள். சொல்லவில்லை. புருவம் மெல்ல இறங்கியது. வலி இல்லை. பயம் இல்லை. சிரிப்பு வருவதற்குக் கொஞ்சம் முந்திய முகம்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. "புலி நெசமாவே இருந்துச்சா?" என்றாள்.

"இல்ல."

"தெரியும்" என்றாள். இட்டலியை எடுத்துச் சாப்பிட்டு முடித்தாள். வீடு வந்து சேர்ந்து இறங்கும்போது, "அந்தப் புருவம் எடதா வலதா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். எடது என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

அத்தான், நான் என் வாழ்நாளில் எந்தக் கதையையும் இரண்டாவது தடவை அதே மாதிரி சொன்னதில்லை. புலி சிறுத்தையாகும், சிறுத்தை இரண்டாகும், தஞ்சோங் மாலிம் தைப்பிங்காகும். என் வாய் அப்படி. ஆனால் அக்கா இனி எப்போது கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், உங்கள் முகத்தை மட்டும் அப்படியே சொல்வேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அவள் கேட்காத நாளில் நானாகவே போய்ச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளுக்குத் தாய்மாமன், உங்கள் மனைவிக்கு ஒரே தம்பி,
உங்களிடம் கடைசியாகப் புளுகிய மைத்துனன்.